காளான் பற்றி நான் சொல்லாமல் விட்ட வரி

மீனு,

நீ இப்போது சமையலறை வாசலில் உட்கார்ந்து டிராம் ஓட்டிக்கொண்டிருக்கிறாய். டப்பாக்களின் சிவப்பு மூடிகள்தான் உன் பெட்டிகள். முதல் மூடியை விரலால் தள்ளினால் மற்றவை தானாகப் பின்னால் வரும் என்று நம்புகிறாய். வரவில்லை என்றதும் ஏதோ நான் செய்த தப்பு போல என்னை முறைக்கிறாய். உனக்கு நாலரை வயது. இந்தக் கடிதம் உனக்கு இல்லை. இருபது வருடம் கழித்து, வேலைக்கோ கல்யாணத்துக்கோ பெட்டி கட்டிக்கொண்டு எங்களை விட்டுக் கிளம்பப்போகிற பெரிய மீனுவுக்கு. இப்படிப்பட்ட கடிதங்களைத் தலை நரைத்த அப்பாக்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயதுதான் ஆகிறது. தலை நரைக்கும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உள்ளே ஓட்டை உள்ள வெல்டிங்கை மேலே கிரைண்டர் வைத்துத் தேய்த்தால் பார்க்கப் பளபளவென்று இருக்கும். இருபது வருடம் விட்டால் இந்தக் கதையை நானும் அப்படித்தான் தேய்த்து வைத்திருப்பேன். அதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன்.

என் வேலை உனக்குத் தெரிந்திருக்கும். ஒருவேளை அதற்குள் நான் வேறு வேலைக்குப் போயிருந்தால் தெரியாமலும் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். கார்டன் ரீச் கப்பல்துறையில் பழுதுபார்க்க வரும் கப்பல்களின் வெல்டிங்கைச் சோதிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். இரும்பின்மேல் பசை தடவி, கருவியை வைத்து, உள்ளே ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைத் திரையில் பார்க்க வேண்டும். உள்ளே காற்றுக்குமிழியோ கசடோ இருந்தால் திரை காட்டிவிடும். மஞ்சள் சாக்பீஸால் அங்கே ஒரு வட்டம் போட்டு 'R' என்று எழுதுவேன். வெல்டர்கள் எனக்கு வைத்த பெயர் 'ரிஜெக்ட்-தா'. வங்க மொழியில் 'தா' என்றால் அண்ணன். முகத்துக்கு நேரே அப்படித்தான் கூப்பிடுவார்கள். சிரித்துப் பேசினால் பாஸ் போடுவான், டீ வாங்கிக் கொடுத்தால் பாஸ் போடுவான் என்று ஒருவரும் என்னைச் சொன்னதில்லை. 'ரிஜெக்ட்-தா ஒன்றும் சொல்லவில்லை என்றால் அந்த இடம் சரி' என்பார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் இந்தக் கதையில் எல்லாக் கேட்டையும் செய்தது.

உன் தாத்தாவை நீ 'தாது' என்று வங்காளிப் பிள்ளைகள் மாதிரி கூப்பிடுகிறாய், அவரும் திருத்துவதில்லை. ரயில்வே ஆபீசில் முப்பது வருடம் டைப் அடித்துத் தொண்ணூறுகளின் கடைசியில் ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிக்குத் திரும்பிப் போக மூட்டை கட்டிய நேரத்தில் இதய வால்வு பழுது என்று தெரிந்தது. இங்கேயே ஆபரேஷன் செய்து செயற்கை வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து இரத்தம் உறையாமல் இருக்க தினம் ஒரு மாத்திரை, மாதம் ஒரு இரத்தப் பரிசோதனை. டாக்டர் சீட்டில் இரண்டு எண்கள் எழுதிக் கொடுத்திருந்தார்: ஒன்று கீழெல்லை, ஒன்று மேலெல்லை. கீழே போனால் வால்வில் இரத்தம் கட்டும், மேலே போனால் எங்காவது கசியும். வாழ்நாள் முழுக்க அந்த இரண்டு எண்களுக்கு நடுவிலேயே நடக்க வேண்டும். இன்ஜினியரான எனக்கு அந்தச் சீட்டு மிகவும் பிடித்திருந்தது. வரைபடத்தில் போடுகிற அளவு எல்லை மாதிரி இருக்கிறது என்று உன் தாத்தாவிடமே சொன்னேன். அவர், "ஒனக்கு வரைபடம், எனக்கு செயிலு" என்றார்.

அந்த ஆபரேஷனுக்கு இரத்தம் தேவைப்பட்டது. என் மேலாளர் சுந்தரம் சார், நான் வாய் திறந்து கேட்பதற்கு முன்னாலேயே, யார்டிலிருந்து ஒன்பது பேரை வேனில் ஏற்றி அழைத்து வந்தார். முதலில் படுத்துக் கையை நீட்டியவரும் அவர்தான். எனக்கு இரண்டு மாதம் விடுப்பு கொடுத்தார். ஏணிப்படி குறுகலாக இருந்த எங்கள் பழைய மாடி வீட்டிலிருந்து தரைத்தளத்தில் இந்தக் கம்பெனிக் குவார்ட்டர்ஸை ஒதுக்கித் தந்தார். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், வில்லன் ஒருவனைத் தேடிக்கொண்டு நீ இந்தக் கடிதத்தைப் படிக்கக் கூடாது. எங்களைக் கட்டிப்போட்ட கயிற்றில் ஒவ்வொரு இழையும் யாரோ செய்த நன்மைதான். கெடுதல் செய்தவனிடமிருந்து திமிறி வெளியே வந்துவிடலாம். நல்லது செய்தவரிடமிருந்து எப்படி வருவது என்று எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித்தரவில்லை.

சுந்தரம் சாரின் மனைவியை எல்லோரும் ஆண்ட்டி என்போம். அவருக்கு வருடக்கணக்காக மூட்டுவலி, தூக்கமில்லை. யாரோ உறவினர் மூலமாக லிங்ஸி காளான் கேப்ஸ்யூல் அவருக்கு வந்து சேர்ந்தது. நம் வீட்டில் குழம்பு வைக்கிற காளான் இல்லை இது. பட்ட மரத்தில் விசிறி போல வளர்வது, வார்னிஷ் அடித்த மாதிரிச் செம்பழுப்பாகப் பளபளக்கும், கட்டை போலக் கெட்டி, நாக்கில் வைக்க முடியாத கசப்பு. சீனாவிலும் ஜப்பானிலும் பல நூறு வருடமாகச் சீவிக் கொதிக்க வைத்துக் கஷாயமாகக் குடிக்கிறார்கள். இப்போது பொடியாக்கிக் கேப்ஸ்யூலில் அடைத்து, காப்பித் தூளில் கலந்து, ஆளுக்கு ஆள் சொல்லிச் சொல்லியே விற்கிறார்கள். ஆண்ட்டிக்கு இரண்டே மாதத்தில் தூக்கம் வந்தது. வலி குறைந்தது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. படியேறும்போது நானே பார்த்தேன். தனக்குக் கிடைத்ததை எங்கள் தமிழ் மன்றத்தில் உள்ள நாற்பது குடும்பங்களுக்கும் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி வந்துவிட்டது.

ஒருநாள் சுந்தரம் சார் என்னைக் கூப்பிட்டார். லேக் மார்க்கெட் பக்கத்தில் மன்றம் வழக்கமாகக் கூடுகிற மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம், அதில் காளானின் பயன்களை நான் விஞ்ஞான முறையில் தமிழில் விளக்க வேண்டும் என்றார். எனக்கும் மருத்துவத்துக்கும் சம்பந்தமில்லை என்றேன். "நீ ஒண்ணும் கூட்டிச் சொல்ல வேண்டாம்பா. ஒன் வாயால வந்தாப் போதும்" என்றார். அந்த வாக்கியத்தின் எடை அன்று எனக்குப் புரியவில்லை. வேன் நிறைய ஆட்களோடு வந்து கையை நீட்டிப் படுத்தவர் கேட்கிறார். எப்படி முடியாது என்பது? இன்டர்நெட் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் கிடைத்ததையெல்லாம் பிரின்ட் எடுத்து, நாலு பக்கம் குறிப்பு எழுதினேன். என் நேர்மையில் எனக்கு அவ்வளவு அக்கறை. எதையும் அடித்துச் சொல்லவில்லை. 'உதவக்கூடும்', 'எலிகளில் பார்த்திருக்கிறார்கள்', 'மனிதர்களில் இன்னும் போதுமான ஆய்வு இல்லை' என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வேலி போட்டேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: இரத்தம் உறைவதை இது குறைக்கக்கூடும், அதற்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

கூட்டத்துக்கு முன்னால் மண்டபத்து வாசலில், கையில் வடைத் தட்டோடு, ஆண்ட்டி என் குறிப்பைப் படித்தார். அந்த வரியில் பேனாவால் ஒரு கோடு போட்டார். "இது எதுக்குப்பா, எல்லாரும் பயந்துடுவா. அந்த மாதிரி மாத்திரை சாப்பிடறவா டாக்டர்கிட்ட தானா கேட்டுப்பா" என்றார். பன்னிரண்டரைக்கு அந்த மண்டபத்தில் ஒரு வங்காளி வீட்டு ஆசீர்வாதச் சடங்கு. பூக்காரர்கள் ஏற்கெனவே உள்ளே வந்து நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சீக்கிரம் முடித்து வீட்டுக்குப் போக வேண்டும். சரி என்றேன். மீனு, நான் மிரட்டப்படவில்லை, ஏமாற்றப்படவில்லை. அவசரத்தில் இருந்தேன், அவ்வளவுதான். ஒரு இன்ச் விரிசலுக்காக ஒரு கப்பலை இரண்டு நாள் நிறுத்தி வைக்கிறவன், அந்தக் கோட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

இருபது நிமிடம் பேசினேன். நான் போட்ட வேலிகள் எதுவும் யார் காதிலும் விழவில்லை என்பது கைதட்டும்போதே தெரிந்தது. ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துச் சோதித்தால் எல்லாம் பாஸ். மொத்தமாகச் சேர்த்தால் கப்பல் முழுகும். மூன்றாவது வரிசையில் உன் தாத்தா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய நண்பர் முத்தையா தாத்தா. நான் மேடையில் பேசுகிறேன் என்று இரண்டு பேரும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்கள். வீட்டுக்கு வருகிற வழியில் உன் தாத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இவ்வளவு நாளா எங்கிட்ட ஏம்ல சொல்லல?" பாராட்டுகிறார் என்று நினைத்து நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கூட்டத்தில் பேசியதற்கு ஆண்ட்டி எனக்கு இரண்டு டப்பா கொடுத்திருந்தார். நான் அதை அலமாரிக்கு மேலே போட்டுவிட்டு மறந்துவிட்டேன். சில நாளில் அவற்றின் மூடிகள் உன் கையில் இருந்தன. சில வாரங்களில் உன் டிராமுக்கு மூன்றாவது பெட்டி வந்தது. பிறகு நாலு. பிறகு ஐந்து. தினமும் அதைத் தாண்டித்தான் செருப்புப் போட்டேன். அதே சமயத்தில் உன் தாத்தாவின் முன்கையில் நீலமாக ஒரு தடம். பஸ் கம்பியில் இடித்துக்கொண்டேன் என்றார். பல் தேய்க்கும்போது வாஷ்பேசினில் சிவப்பு. பிரஷ் முரட்டுப் பிரஷ் என்றார். உன் அம்மா இரண்டு முறை என்னிடம் சொன்னாள். மாதப் பரிசோதனைச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். எண் எல்லைக்குள் இருந்தது. "ரிப்போர்ட் சரியா இருக்கு, சும்மா பயப்படாத" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். திரையில் தெரியாவிட்டால் பழுதே இல்லை என்று நினைக்கிறவன் மோசமான இன்ஸ்பெக்டர். இதை நான் புது ஆட்களுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

வங்காளிகளின் பூஜைப் பண்டிகைக்கு முந்தின வாரம், சாப்பிட்டு முடித்த மதிய நேரம், அவருக்கு மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. துண்டை அழுத்தினோம். நிற்கவில்லை. இரண்டாவது துண்டும் நனைந்ததும் டாக்சி பிடித்தோம். கார்டன் ரீச்சிலிருந்து ஊருக்குள் போக கிதிர்பூர் துறைப் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். அன்று கப்பல் ஒன்று துறைக்குள் வருகிறது என்று பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். முன்னால் லாரி, பின்னால் லாரி, இரண்டு பக்கமும் சைக்கிள் வண்டிகள். கதவை முழுசாகத் திறக்கக்கூட இடமில்லை. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். கப்பலின் பக்கச்சுவர் எங்களுக்கு எதிரே மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. நாற்பது நிமிடம். நான் ஹாரனைக் கையால் அடித்தேன், இறங்கிப் போய்க் கத்தப் பார்த்தேன், கதவு பாதிதான் திறந்தது. உன் தாத்தா தலையைக் குனிந்து மூன்றாவது துண்டைப் பிடித்துக்கொண்டு, "உக்காருல. அது போனாத்தான் நாம போவோம்" என்றார். அந்த நாற்பது நிமிடத்திலிருந்து நான் இன்னும் முழுசாக வெளியே வரவில்லை. இப்போதும் ஆபீசில், வீட்டில், மன்றத்தில், எங்கே உட்கார்ந்தாலும் பாதி திறக்கிற கதவோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மூக்கை அடைத்து, இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். இளவயது டாக்டர் ஒருவர் சீட்டோடு வந்தார். எண் மேலெல்லையை லேசாகத் தொடுகிறது, ஆனால் இந்த எண்ணுக்கு இவ்வளவு இரத்தம் போகாது, வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா, நாட்டு மருந்து, லேகியம், எதுவானாலும் சொல்லுங்கள் என்று வங்க மொழியில் கேட்டார். உன் தாத்தா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு டாக்டரிடம் "கிச்சு நா" என்றார். ஒன்றுமில்லை.

அந்தப் பார்வையில்தான் ஐந்து சிவப்பு மூடிகளும் என் கண் முன்னால் வந்தன. நான் கொண்டு வந்தது இரண்டு, மற்ற மூன்றும் உன் தாத்தா வாங்கியவை. ஆண்ட்டி கோடு போட்ட வரியும் வந்தது. உன் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது, மீனு. பல்லில் இரத்தம் வந்தபோதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் டாக்டரிடம் சொன்னால் யார் சொல்லிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்களே. நான் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தக் காளான், எத்தனை மாதம், எவ்வளவு. அவர் திட்டவில்லை. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் வேறு எதுவும் மாறவில்லையே என்றார். இந்தப் பரிசோதனையில் எல்லாமும் தெரியாது என்றும் சொன்னார். அவர் போன பிறகு உன் தாத்தா மூக்கடைத்த குரலில் சொன்னார்: "நீ எதையுமே சரின்னு சொல்லாத பயல்லா. நீ சரின்னுட்டியேன்னுதாம்ல சாப்ட்டேன்."

ஆறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். கேப்ஸ்யூலை நிறுத்தியதும் கையில் இருந்த நீலம் மெல்ல மறைந்தது. நான் சுந்தரம் சாரிடம் போய், மன்றத்தைக் கூட்டுங்கள், அந்த வரியைச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் நிஜமாகவே கலங்கினார். உன் தாத்தாவுக்கு ஆப்பிள் வாங்கி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆனால் கூட்டம் மட்டும் வேண்டாம் என்றார். தெரிந்தவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், ஊரைக் கூட்டிச் சொன்னால் தன் மனைவி தாங்க மாட்டாள், நாற்பது வீட்டில் எப்படி முகத்தைக் காட்டுவது என்றார். உன் தாத்தாவும் அவர் பக்கம்தான். "அந்தாளு குடுத்த ரத்தம் எம் ஒடம்புல ஓடுதுல. அவரு பொண்டாட்டிய சபையில நிறுத்துவியா?" என்றார். நான் கத்தினேன், தட்டை நகர்த்தினேன், வெளியே போய் நின்றேன். பிறகு திரும்பி வந்து சாப்பிட்டேன். சொல்லவில்லை. இரண்டரை மாதம் சொல்லவில்லை. இந்த வீட்டுச் சாவி அவர் கொடுத்தது. என் வேலை அவர் கையெழுத்து. உன் பள்ளிக்கூட இடம்கூட அவர் யாரிடமோ பேசி வாங்கியது. எந்தச் சுவரில் கை வைத்தாலும் அவர் பெயர் எழுதியிருந்தது.

மன்றத்தின் பொங்கல் மலருக்குச் சுந்தரம் சார்தான் ஆசிரியர். 'லிங்ஸி காளானின் மருத்துவப் பயன்கள்' என்று எனக்கு மூன்று பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறார். கூட்டத்தில் பேசியதையே எழுதிக் கொடு என்றார். நாளை கடைசி நாள். நாலு முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். அந்த வரி இல்லாமல் எழுத முடியவில்லை, அந்த வரியோடு எழுதத் தைரியமில்லை.

இன்று காலை உன் தாத்தா லேக் பக்கம் முத்தையா தாத்தாவைப் பார்த்துவிட்டு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மேஜை முன்னால் நின்றார். முத்தையா தாத்தாவும் இரத்தத்தை இளக்குகிற மாத்திரை சாப்பிடுகிறவர்தானாம். போன வருடம் நெஞ்சில் அடைப்பு எடுத்ததிலிருந்து. கூட்டத்துக்குப் பிறகு அவரும் காளான் சாப்பிடுகிறார். உன் தாத்தா தன் கதையை முழுசாகச் சொல்லி நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

"கேக்க மாட்டேங்கான்ல" என்றார். "ஒமக்கு வயசாச்சு, சில்லுமூக்கு ஒடஞ்சிருக்கும்ங்கான். எஞ்சினியரு மேடையில சொன்னாரு, எஞ்சினியரே வந்து இல்லன்னு சொல்லட்டும், அப்ப நிறுத்துதேன்ங்கான்."

சுந்தரம் சார் என்ன நினைப்பார் என்று கேட்டேன். உன் தாத்தா அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். "அவரு ரத்தம் குடுத்தது ஒரு ஆளு பொழைக்கணும்னுதானல? எழுது. எந்தாளுக்கு ஆச்சுன்னு எழுது. ஆளத் தெரியாம எவன் நம்புவான்?" என்றார். உன் அம்மா சமையலறையிலிருந்து, "எழுதறதுதான் எழுதறீங்க, வீட்டு புரோக்கர் நம்பரையும் ஒரு பக்கமா எழுதி வச்சுக்கோங்க" என்றாள். குரலில் கேலி இருந்தது, கோபம் இல்லை. அதன் பிறகுதான் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன். உனக்கென்று எழுத ஆரம்பித்ததும் கை ஓடியது. மலருக்கும் இதையேதான் கொடுக்கப்போகிறேன். உன்னிடம் சொல்ல முடிந்ததை நாற்பது குடும்பங்களிடமும் சொல்ல முடியும்.

அதனால் மீனு, மன்றத்து ஆட்கள் உனக்கு இருபது வருடம் முன்னாலேயே இதைப் படித்துவிடுவார்கள். அவர்களுக்காகத் தெளிவாகவே எழுதுகிறேன். இந்தக் காளானில் ஏதோ நன்மை இருக்கலாம். ஆண்ட்டிக்குத் தூக்கம் வந்தது நிஜம். உன் தாத்தாகூட அந்த மாதங்களில் நன்றாகத் தூங்கினேன் என்கிறார். காளானாலா, மகன் சொன்ன நம்பிக்கையாலா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை மேடையில் நான் சின்ன எழுத்தில் சொன்னேன், பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆண்ட்டியை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அவர் கோடுதான் போட்டார். அந்தக் கோட்டைத் தாண்டிப் படிக்காமல் விட்டது என் வாய்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நீயும் என் மகள், உனக்கும் நாக்கு நறுக்கென்றுதான் இருக்கும். ஒருவரும் உன்னைப் பொய்க்காரி என்று சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களின் மௌனத்தைத்தான் ஜனங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். நன்றி சொல்ல வேண்டியவரிடம் நன்றி சொல், அவருக்காக ஓடு, வேண்டுமானால் உன் கையையும் நீட்டிப் படு. உன் மஞ்சள் சாக்பீஸை மட்டும் கொடுத்துவிடாதே.

நாளை காலை சுந்தரம் சார் மேஜைக்கு இதை நானே எடுத்துக்கொண்டு போகிறேன், தபாலில் போடவில்லை. அவர் படித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பேன். அச்சிட மாட்டேன் என்றால் நாற்பது ஜெராக்ஸ் எடுத்துப் பொங்கல் விழா அன்று மண்டபத்து வாசலில், வடைத் தட்டு கொடுக்கிற இடத்திலேயே நின்று கொடுப்பேன். முத்தையா தாத்தா வீட்டுக்கு மட்டும் இன்றைக்கே, இதை எழுதி முடித்த கையோடு போகிறேன். உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன். டிராமை எடுத்து வைத்துவிட்டு வா.

அந்த வரி இதுதான். கோடு போட முடியாதபடி தனியாக எழுதுகிறேன்.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் இந்தக் காளானைச் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

நீ இந்தக் கடிதத்தை எந்த வீட்டிலிருந்து படிப்பாய் என்று இப்போது எனக்குத் தெரியாது. இந்த வீடாக இருக்காது என்று மட்டும் நினைக்கிறேன்.

உன் அப்பா